முத்துப்பேட்டை மைக்ரேஷன் புராணம்

சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் ‘லெகசி சிஸ்டம்’ என்று சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். என்னடா துன்பம் என்று விசாரித்தால், அமெரிக்காவில் ஏதோ ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி 1970-களில் கோபால் மொழியில் எழுதிவைத்த நிரல். எழுதியவர் ரிட்டையராகி எங்கோ மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார். எந்த வரி எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ஒரு இடத்தில் தொட்டால் வேறெங்கோ உடைகிறது. அதைப் புதிய மொழிக்கு மாற்றித் தரத்தான் இவர்களுக்குச் சம்பளம்.

ஐம்பது வருஷப் பழசுக்கு இத்தனை அலுப்பு! இதை முத்துப்பேட்டையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னால் சிரிப்பார்கள். அங்கே ஒவ்வொருவர் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் ஆயிரம் வருஷ லெகசியின் ஒரு துண்டு, பட்டா என்ற பெயரில், நாலாக மடித்துக் கிடக்கிறது. காவிரி டெல்டாவின் நிலக்கணக்கைப் போல நீண்ட நாள் ஓடிக்கொண்டிருக்கும் தொழில் மென்பொருள் உலகத்திலேயே கொஞ்சம்தான் இருக்கும். ராஜாக்கள் மாறினார்கள், மொழி மாறியது, கோல் சங்கிலியாயிற்று, சங்கிலி செயற்கைக்கோளாயிற்று. ஆனால் சிஸ்டத்தை ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. வரி வசூலை யாராவது நிறுத்துவார்களா?

வெர்ஷன் 1.0 வேலை தொடங்கியது 1001 வாக்கில். புரவலர் ராஜராஜ சோழன். கணிதத்தின் மேல் காதல் கொண்டு அவர் நிலத்தை அளக்கவில்லை. ஈழத்துக்கும் சேரநாட்டுக்கும் படை போயிருந்தது. தஞ்சாவூரில் இருநூறு அடிக்கு மேல் ஒரு விமானம் எழுப்பும் எண்ணம் மனதில் இருந்தது. இரண்டுக்கும் பணம் வேண்டும். அளந்து முடித்த அதிகாரிக்கு ‘உலகளந்தான்’ என்று பட்டம். அளந்தது சோழமண்டலம், பட்டத்தில் உலகம். பத்துப் பேர் டீமை நடத்திவிட்டு லிங்க்ட்இன்னில் ‘குளோபல் டெலிவரி ஹெட்’ என்று போட்டுக்கொள்கிறவர்களுக்கு மூலபுருஷர் இவர்தான்.

ஆனால் வேலை சுத்தம். சோழர் கணக்கில் முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. அதிலும் 320-ல் ஒரு பங்கு கீழ்முந்திரி. அதாவது ஒரு லட்சத்து இரண்டாயிரத்து நானூற்றில் ஒன்று. அதோடு நிறுத்தினார்களா? இப்படி ஒரு பேச்சு நடந்திருக்கும்:

“உடையாரே, இந்தத் துண்டு கீழ்முந்திரிக்கும் கீழே போகிறது.”

“கீழுக்குக் கீழ் போடும்.”

“அதற்கும் கீழே போகிறது.”

“இன்னொரு கீழ் போடும். வரிக்கணக்கில் ஏறாத மண் என்று ஒன்று நம் நாட்டில் இருக்கலாமோ?”

பேச்சு என் கற்பனை. பின்னம் கற்பனை அல்ல. ஒரு வேலியில் 52,42,88,00,000-ல் ஒரு பங்கு வரை கணக்கு வைத்திருந்தார்கள் என்று கல்வெட்டு படித்த அறிஞர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். இன்றைய தஞ்சாவூர்க் கணக்கில் வேலி என்பது இருபது மா, ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். வகுத்துப் பாருங்கள்: அரைச் சதுர மில்லிமீட்டர் வரும். ஓர் எறும்பு வரப்பு தாண்டும்போது எந்தக் காலை யார் நிலத்தில் வைத்தது என்று சொல்லக்கூடிய துல்லியம். தசமத்துக்குப் பின் இத்தனை இடம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிறவர்களுக்கு அந்தக் காலத்தில் வேறு ஏற்பாடு இருந்தது.

அடுத்தது அப்ரூவல். ராஜா வாயால் சொன்னதைக் கேட்டுக்கொள்ள ஓர் ஆள், அவர் திருவாய்க்கேள்வி. எழுதுகிறவர் திருமந்திர ஓலை. எழுதியது சரிதானா என்று பார்க்கிறவர் ஓலைநாயகம். அங்கிருந்து புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், முகவெட்டி, கீழ்முகவெட்டி என்று ஓலை ஊர்ந்து ஊர்ந்து போய், கடைசியில் ‘வரியிலிட்ட’ பிறகுதான் உத்தரவு செல்லும். இன்றைக்குப் பட்டா மாறுதல் விண்ணப்பம் நில அளவர், வி.ஏ.ஓ., ஆர்.ஐ., துணைத் தாசில்தார் என்று நகரும்போது கோபப்படாதீர்கள். கூட்டிக் கழித்தால் சில அலுவலர்கள் குறைந்தே போயிருக்கிறார்கள்.

பேக்கப்பைக் கருங்கல்லில் எடுத்தார்கள். பெரிய கோயிலுக்கு எழுதிக்கொடுத்த ஊர்களின் கணக்குச் சுவரில் ஏறியது. அழிக்க முடியாது, இடைச்செருக முடியாது, வழியில் போகிற எவனும் நின்று சரிபார்க்கலாம். பிளாக்செயின் என்று பெயர் வைத்து இதையே இன்றைக்குக் கோட்டு போட்டவர்கள் அரசாங்கத்துக்கு விற்கிறார்கள்.

அந்தச் சுவரில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஓர் ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லிவிட்டு, வரியில்லாதவற்றைக் கழித்துக்கொண்டே போவார்கள். குடியிருப்பு நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாளச்சேரி, சுடுகாடு. இன்றைக்கு எந்தக் கிராமத்தின் ‘அ’ பதிவேட்டையும் புரட்டுங்கள்: நத்தம், வாய்க்கால் புறம்போக்கு, குளம், மயானம். டேபிளின் காலம்கள் மாறவே இல்லை. சேரியை ஊரிலிருந்து தனியே கழித்து எழுதிய அந்தப் புத்தியும் அதே மைக்ரேஷனில் பத்திரமாக வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1086-ல் முதலாம் குலோத்துங்கன் மறுபடி அளந்தார். ஒரு கையால் சுங்கம் தவிர்த்த மகாராஜா, இன்னொரு கையால் கோலை எடுத்தார். அதே 1086-ல்தான் இங்கிலாந்தில் வில்லியம் தன் நாட்டை அளந்து டூம்ஸ்டே புத்தகம் எழுதினான். இரண்டு பேரும் கலந்து பேசவில்லை. கஜானா இளைத்தால் ராஜாக்களுக்கு ஒரே யோசனைதான் வரும்.

பிறகு நாயக்கர்கள் வந்தார்கள், 1676-க்குப் பின் மராட்டியர். திரையில் தெரியும் எழுத்து மட்டும் மாறியது. கீழே ஓடிக்கொண்டிருந்தது அதே வேலி, மா, குழிதான். மராட்டியர் எல்லாவற்றையும் மோடி எழுத்தில் எழுதிக் கட்டுக்கட்டாக வைத்துவிட்டுப் போனார்கள். ஆவணம் இருக்கிறது; அதைப் படிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ‘டாக்குமென்டேஷன் எல்லாம் பக்காவாக இருக்கிறது’ என்று ஒரு கம்பெனி சொன்னால் அதற்கு இதுதான் அர்த்தம்.

1799-ல் இரண்டாம் சரபோஜி நிர்வாகத்தைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டுப் புத்தகம் சேர்க்கப் போனார். கம்பெனி என்றால் நிஜமாகவே கம்பெனி. லாபநஷ்டக் கணக்கு உண்டு, லண்டனில் பங்குதாரர்கள் உண்டு. இப்படிப்பட்ட வாடிக்கையாளர் வந்தால் முதல் கூட்டத்திலேயே ‘பழசை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவோம்’ என்று சொல்ல ஓர் ஆள் இருப்பான். அங்கேயும் இருந்திருப்பான். வரியை நெல்லாக வாங்கிப் பார்த்தார்கள், பணமாக வாங்கிப் பார்த்தார்கள், நெல் விலையோடு சேர்ந்து வரியும் ஏறி இறங்கும் ஏற்பாடும் செய்து பார்த்தார்கள். மிராசுதார்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தங்களுக்குத் தோதாக நடந்துகொண்டார்கள். ரயத்துவாரி முறையில் முறையாக அளந்து கல் நட்டு, சர்வே எண் கொடுத்து, தஞ்சாவூர் ஜில்லாவுக்கு செட்டில்மென்ட் முடிக்க 1890-கள் ஆகிவிட்டது. நூறு வருஷம் ஓடிய ப்ராஜெக்ட். இதைக் கேட்டால் ஓ.எம்.ஆர். பிள்ளைகளுக்குத் தெம்பு வரும்.

அளக்க வந்தது கன்டர் சங்கிலி. 1620-ல் எட்மண்ட் கன்டர் என்னும் ஆங்கிலேயர் கண்டுபிடித்தது; 66 அடி நீளம், நூறு லிங்க். ஒரு லிங்க் 7.92 அங்குலம். அரைச் சதுர மில்லிமீட்டருக்குக் கணக்கு வைத்த ஊர் இப்போது ஏறக்குறைய எட்டு அங்குலத்துக்கு இறங்கியது. ஆனால் ஒவ்வொரு புலத்துக்கும் படம் வந்தது. அந்தப் புலப்படத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இன்றைக்கும் எல்லைத் தகராறில் கடைசியாகப் பேசுவது அதுதான்.

எல்லாம் அளந்து முடித்த பிறகு வெள்ளைக்காரருக்கு ஒரு விஷயம் புரிந்தது. சிஸ்டம் பதிவேட்டில் இல்லை, கணக்குப்பிள்ளையின் தலைக்குள் இருக்கிறது. எனவே அவரை அப்படியே வைத்துக்கொண்டு, கர்ணம் என்று பதவியும் சொற்பச் சம்பளமும் கொடுத்து, மேலே தாசில்தாரையும் கலெக்டரையும் வளர்த்தார்கள். மார்ட்டின் ஃபவுலர் என்ற மென்பொருள் அறிஞர் ஆஸ்திரேலியக் காட்டில் ஒரு மரத்தை இன்னொரு மரம் சுற்றி வளர்ந்து விழுங்குவதைப் பார்த்து, பழைய சிஸ்டத்தைச் சுற்றிப் புதியதை மெல்ல வளர்க்கும் முறைக்கு 2004-ல் அதையே பெயராக வைத்தார். இதற்கு ஆஸ்திரேலியா போக வேண்டுமா? பனைமரத்தின் மட்டை இடுக்கில் காக்கை போட்ட ஆலம்விதை முளைத்துப் பனையையே தழுவிக்கொண்டு நிற்கிற காட்சி நம் ஊர்ச் சாலைகளில் எத்தனை! ஃபவுலர் மாதிரியில் உள்ளே இருக்கும் மரம் செத்துவிடும். நம் ஊரில் ஆலமரத்தின் நடுவிலிருந்து பனை தலையை நீட்டிக்கொண்டு காய்த்துக்கொண்டிருக்கும். கர்ணம் அப்படித்தான் காய்த்தார்.

அவர் தலைக்குள் இருந்தது என்ன? இந்த வரப்பில் மேலத்தெரு வண்டி போகலாம், ஆனால் அறுப்பு முடிந்த பிறகுதான். இந்த மதகில் முதல் தண்ணீர் கடைமடைக்காரனுக்கு, ஆனால் ஆடிப்பெருக்கு கழிந்தால் கிடையாது. பதிவேட்டில் அண்ணன் பெயரில் இருக்கிற மூன்று மா உண்மையில் தம்பி அனுபவிக்கிறார். அண்ணன் பர்மாவில் இருக்கிறார், அல்லது இல்லை. எந்தப் பதிவேட்டிலும் இதற்கெல்லாம் இடம் கிடையாது. தொழில் மொழியில் இவற்றை எழுதப்படாத ‘பிசினஸ் ரூல்’ என்பார்கள்.

கர்ணத்தைத் தியாகியாக்கிவிட வேண்டாம். டேட்டாபேஸ் அட்மினும் அவரே, ஆடிட்டரும் அவரே, பாஸ்வேர்டு அப்பா வழிச் சொத்து. பிடித்தவர் கைவசம் இருந்த புறம்போக்கு ஒரு பசலியில் மெல்லப் பட்டாவாகும். பிடிக்காதவரின் விளைந்த வயல் அடங்கல் என்ற பயிர்க்கணக்கில் தரிசாகும். காலையிலிருந்து இரவு வரை சேற்றில் நின்ற பண்ணையாளின் பெயருக்கு அந்தப் பதிவேட்டில் ஓர் இடமே இல்லை. இல்லாத இடத்தில் எப்படி எழுதுவது என்று கர்ணம் கையை விரித்துவிடுவார். குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்யச் சட்டம் போட 1969 வரை ஆயிற்று. போட்ட பிறகும் பதிவு செய்துகொண்டவர்களைவிட, ‘ஐயா மனம் கோணும்’ என்று ஒதுங்கியவர்களே அதிகம் என்று கீழத்தஞ்சையில் எந்தப் பெரியவரும் சொல்வார்.

பசலி என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். அக்பர் காலத்தில் அறுவடையை ஒட்டி வரி வாங்குவதற்காக உண்டாக்கிய ஆண்டுக்கணக்கு அது. இங்கே ஜூலை 1-ல் பிறந்து ஜூன் 30-ல் முடியும். 2025 ஜூலையில் பிறந்தது பசலி 1435. முகலாயர் போய், கம்பெனி போய், விக்டோரியா ராணி போய், காங்கிரஸ் போய், கழகங்கள் மாறி மாறி வந்தும் அந்த வேரியபிளைத் தொட ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. இன்றும் கோடையில் ஜமாபந்தி நடந்தால் பசலியைப் போட்டுத்தான் நோட்டீஸ். இதில் ஒரு லாபமும் உண்டு. 1999 டிசம்பர் 31 இரவு, வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதித் தொலைத்த பாவத்துக்காக உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தன. தமிழ்நாட்டு இளைஞர்கள் பல்லாயிரம் பேர் அதைச் சரிசெய்யப் போய் டாலர் பார்த்தார்கள். அந்த இரவில் முத்துப்பேட்டைக்கும் கணக்கு வைத்த திருத்துறைப்பூண்டி தாலுகா ஆபீஸ் பசலி 1409-ன் நடுவே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

1961-ல் நில உச்சவரம்பு வந்தது. ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970-ல் அது 15. டேட்டாவைத் துண்டு துண்டாகப் பிரித்து வைக்கும் கலையை மிராசுதார் வீட்டுக் கணக்கர்கள் ஆரக்கிளுக்கு முன்பே கற்றிருந்தார்கள். பிறக்காத பேரன்மாரும் தர்ம காரியங்களும் திடீரென்று நில உடைமையாளர்கள் ஆனார்கள். இதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள், நான் நகர்கிறேன்.

புராணத்தின் யுத்த காண்டம் 1979-ல் தொடங்குகிறது.

அந்த ஆண்டு ஜூனில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் என்ற ஒன்றை அரசு ஆரம்பித்தது. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, யூ.டி.ஆர். என்றால்தான் புரியும். நோக்கம் உத்தமமானது. செத்துப்போன பாட்டன் பெயரில் கிடந்த பட்டாக்களை உயிரோடிருப்பவர் பெயருக்கு மாற்றுவது, ஏக்கர்–செண்டை ஹெக்டேர்–ஏருக்கு மாற்றுவது, லிங்க்கை மீட்டருக்கு மாற்றுவது, தமிழ்நாட்டில் உள்ள கிராமக் கணக்கை எல்லாம் ஒரே வீச்சில் புதுப்பிப்பது. ஐ.டி. மொழியில் சொன்னால் பெருமைக்குரிய பிக் பேங் மைக்ரேஷன். 1987 ஏப்ரல் வரை நடந்தது.

இப்போது இன்னொரு தேதியைப் பாருங்கள். 1980 நவம்பர். எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. கர்ணம், கிராம முன்சீப் எல்லோரும் ஒரே நாளில் வீட்டுக்கு. பரம்பரை ஆதிக்கத்தை உடைத்த நல்ல காரியம் அது என்பதே என் எண்ணம். வழக்கு போட்டவர்களிடம் 1982-ல் உச்ச நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டு வரலாற்றின் மிகப் பெரிய டேட்டா மைக்ரேஷன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றரை வருஷம் ஆகியிருக்கிறது. அந்த நேரம் பார்த்து, டேட்டாவுக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆளைச் சீட்டுக் கிழித்து அனுப்பியாயிற்று.

பதிவேடுகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்தார்கள். தலையை ஒப்படைக்கச் சொல்லச் சட்டத்தில் பிரிவு இல்லை. புதிதாக வந்த கிராம நிர்வாக அலுவலர் பழைய கர்ணத்தைத் தேடித் திண்ணைக்குப் போயிருப்பார். டெல்டாவில் எந்த ஊரில் நடந்திருந்தாலும் பேச்சு இப்படித்தான் இருந்திருக்கும்:

“ஐயா, இந்த 114/2-க்கும் 114/3-க்கும் நடுவுல ஒரு பாதை மாதிரி இருக்கே, அது யாரோடதுங்க?”

“வாங்க தம்பி, உக்காருங்க. மோர் சாப்பிடுறீங்களா?”

“இல்லைங்க, அந்தப் பாதை…”

“நோட்டுல இருக்குமே, பாருங்க.”

“நோட்டுல இல்லைங்களே.”

“அப்ப இல்லை.”

நாற்பது வருஷம் கழித்து 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தவர்கள் குவிந்து நியூ ஜெர்சி மாநிலத்தின் உதவித்தொகை சிஸ்டம் மூச்சுத் திணறியபோது, ஆளுநர் பில் மர்ஃபி தொலைக்காட்சியில் வந்து கோபால் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தன்னார்வமாக உதவுங்கள் என்று கேட்டார். அமெரிக்கர்களுக்கு அது தலைப்புச் செய்தி. திருத்துறைப்பூண்டியில் கேட்டிருந்தால், மோர் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

கர்ணம் இல்லாத யூ.டி.ஆர். என்ன செய்தது? அலுவலர்கள் ஊர் ஊராகப் போனார்கள். எதிரில் வந்து நின்றவர் சொன்னதை எழுதினார்கள். வந்து நிற்காதவர் விடுபட்டார். நூறாயிரக்கணக்கில் சரியாகவும் எழுதினார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இன்றைக்கும் தமிழ்நாட்டில் நிலத் தகராறு என்று ஒரு வக்கீலிடம் போனால் முதல் கேள்வி: “யூ.டி.ஆர்.ல பிழையா?” நாலு தலைமுறை தாண்டி வந்த நிலம் அந்த எட்டு வருஷத்தில் பங்காளி பெயருக்குப் போயிருக்கும். தெருவோடு ஒரு கூட்டுப்பட்டா விழுந்திருக்கும். வீட்டுமனை வாய்க்காலாகியிருக்கும்.

அளவைப் பாருங்கள். ஒரு மா என்பது நம் கணக்கில் நூறு குழி, 14,400 சதுர அடி. ஏரில் சொன்னால் 13.38. மாலை ஆறு மணிக்குப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய எழுத்தர் அதை 13 என்று முடித்துவிட்டால் 38 சதுர மீட்டர் காற்றோடு போயிற்று. ஒரு படுக்கையறை, ஒரு குளியலறை, துணி காயப்போட ஒரு மூலை. ராஜராஜன் இருந்திருந்தால் அந்த எழுத்தரைத் தேடியிருப்பார்.

முத்துப்பேட்டைக்கு இதில் தனி ராசி. மரைக்காயர்களும் ராவுத்தர்களும் நிறைந்த ஊர். ஆண்கள் மலேயாவிலும் பிறகு வளைகுடாவிலும் சம்பாதித்து, ஊரில் தோப்பும் வயலும் வாங்கினார்கள். யூ.டி.ஆர். அலுவலர் வந்த அன்று பட்டாதாரர் கடல் கடந்து இருப்பார். வாசலில் நின்று பெயர் சொன்னவர் மச்சானோ மாமனாரோ. எழுதியவருக்கு அரபுப் பெயர்களோடு பழக்கம் கம்மி. அப்துல் காதர், அப்துல்காதிர், அ.காதர், காதர் பாய் என்று நாலு பட்டாவில் நாலு பேர். நாலும் ஒரே ஆள். அதே தெருவில் அப்துல் காதர் என்று ஒரே பட்டாவில் ஒருவர். விசாரித்தால் அவர் மூன்று பேர். டூப்ளிகேட் ரெக்கார்டு களைவது பற்றி அமெரிக்காவில் தடித்தடியாகப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். மூன்று அப்துல் காதர்களும் ஒரே நாளில் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸுக்கு வந்தால் என்ன செய்வது என்று அதில் எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

போதாததற்கு ஊர் உட்கார்ந்த இடத்திலேயே மாவட்டம் மாறியது. 1991 வரை தஞ்சாவூர். அந்த அக்டோபரில் நாகப்பட்டினம். 1997 ஜனவரி 1-ல் திருவாரூர். கோரையாறும் பாமணியாறும் ஓர் அங்குலம் நகரவில்லை. கோப்புகள் மட்டும் லாரி ஏறி இறங்கின. லாரி ஏறிய எல்லாமே இறங்கியதா என்பதை, பழைய நகல் கேட்டு விண்ணப்பித்தவர்கள்தான் அறிவார்கள்.

தெற்கே அலையாத்திக்காடு. அங்கே சர்வே என்பது பக்தி இலக்கியத்துக்கு மிக அருகில் வருகிற விஷயம். ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டும், கடல் தின்னும், அலையாத்தி வேரூன்றிப் பிடித்துக்கொள்ளும். இன்று நிலம், நாளை நீர், அடுத்த வருஷம் மறுபடி நிலம். புலப்படத்தில் மட்டும் அழுத்தமாக ஒரு கோடு.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. இத்தனை காலப் பதிவேடுகளையும் தட்டெழுதி ஏற்ற வேண்டும். ஏற்றினார்கள், இருந்ததை இருந்தபடி. இங்கேதான் இந்தப் புராணத்தின் நீதியற்ற நீதி. கர்ணம் செய்த தவறைக் கர்ணத்திடம் போய்ச் சண்டை போட்டுத் திருத்தலாம். யூ.டி.ஆர். தவறைத் தாசில்தாரிடம் மனுக் கொடுத்துத் திருத்தலாம், டி.ஆர்.ஓ. வரை போகலாம். தவறு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டால் அதற்கு ஞானஸ்நானம் ஆகிவிடுகிறது. “சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு” என்ற ஐந்து நொடி வாக்கியத்துக்கு முன்னால் உங்கள் தாய்ப்பத்திரம், தாத்தா கைநாட்டு வைத்த பாகப்பிரிவினை எல்லாம் வெறும் காகிதம். மைக்ரேஷன் என்பது பழைய பிழையை அரசாங்க உண்மையாக்கும் சடங்கு. ராஜராஜனிலிருந்து நடந்தது இதுதான், கம்ப்யூட்டர் வேகமாகச் செய்தது, அவ்வளவே.

அதிலும் தமிழ் எழுத்து. 2010-க்கு முன்னால் அரசு அலுவலகங்களில் ஆளுக்கொரு எழுத்துரு, பல இடங்களில் வானவில். ஓர் அலுவலகத்தில் அடித்த கோப்பை வேறு அலுவலகத்தில் திறந்தால் பட்டாதாரர் பெயருக்குப் பதிலாகப் பிரெஞ்சு எழுத்துகளும் பவுண்டு அடையாளமும் கேள்விக்குறியும் அணிவகுத்து நிற்கும். 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி யூனிகோடை அரசு ஏற்றுக்கொண்டது. மோடி எழுத்து படிக்கத் தெரியாத குறை தீர இருநூறு வருஷம் ஆகியும் முடியவில்லை. வானவில் படிக்க முடியாத குறை தீரப் பத்தே வருஷம். முன்னேற்றம்தான்.

இப்போது ஓடுவது ‘தமிழ் நிலம்’ என்ற மென்பொருள். உள்ளபடி சொன்னால் நல்ல காரியம். ராத்திரி பதினொரு மணிக்கு துபாயில் கட்டிலில் படுத்துக்கொண்டு முத்துப்பேட்டை வயலின் சிட்டாவை இலவசமாகப் பார்க்கலாம். கர்ணத்தின் திண்ணையில் காத்திருந்த தலைமுறைக்கு இது கனவு. பத்திரப்பதிவுத் துறை 2000-லேயே ஸ்டார் என்ற சிஸ்டத்தைத் தொடங்கி, 2018-ல் ஸ்டார் 2.0-க்கு வந்தது. என்ன, பத்திரம் ஒரு துறை, பட்டா வேறு துறை. நீங்கள் நிலத்தை வாங்கிவிட்டீர்கள் என்று பதிவுத் துறைக்குத் தெரியும். வருவாய்த் துறைக்கு நீண்ட காலம் யாரும் சொல்லவில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தாலும் சம்பந்திச் சண்டை மாதிரி முகம் கொடுக்காமலே பல பத்தாண்டுகள் ஓட்டிவிட்டார்கள். இப்போதுதான் கம்பி இழுத்துப் பேசவைக்கிறார்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தபோது இந்த சிஸ்டத்துக்கு நிஜப் பரீட்சை நடந்தது. முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் என்றார்கள்; 600 மரத்துக்கு, 500 வெட்டி அப்புறப்படுத்த. எண்ணிக் கொடுக்க வேண்டும், கணக்கில் இருக்க வேண்டும். அடங்கல் என்பது எந்தப் பசலியில் எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று எழுதும் நோட்டு. வயலுக்குப் போகாமல் போன வருஷத்தைப் பார்த்து இந்த வருஷத்தை எழுதும் பழக்கம் கர்ணம் காலத்திலேயே உண்டு. இந்த ஒரு ரூலை மட்டும் எல்லா வெர்ஷனும் வழுவாமல் காப்பாற்றி வந்திருக்கின்றன. மரம் விழுந்து கிடக்கிறது, காகிதத்தில் நெல். குத்தகைக்குத் தோப்பு பார்த்தவர் நிலையோ அதைவிட மோசம்: அவரே காகிதத்தில் இல்லை.

இதற்கும் தீர்வு கண்டார்கள். 2024-ல் டிஜிட்டல் பயிர் அளவீடு. ஒவ்வொரு புலத்துக்கும் நேரில் போய், செல்பேசிச் செயலியைத் திறந்து, பயிரைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். வி.ஏ.ஓ.க்கள் எங்களால் ஆகாது என்றார்கள். உடனே வேளாண் கல்லூரி மாணவர்களைக் கூட்டிவந்து வயலில் இறக்கினார்கள். உலகளந்தானுக்குப் பின் ஆயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து, செயற்கைக்கோள் மேலே சுற்றிக்கொண்டிருக்க, சோழமண்டலத்தை அளக்க மறுபடியும் ஒரு ஆள் முழங்கால் சேற்றில் இறங்க வேண்டியிருந்தது. ஐப்பசி மழையில், ஒரு கையில் செல்பேசி, ஒரு கையில் செருப்பு.

அப்படி இறங்கிய ஒரு பிள்ளையை நினைத்துப் பார்க்கிறேன். நடுவயலில் நிற்கிறான். செயலியோ அவன் புலத்துக்கு வெளியே நிற்பதாக அடம்பிடிக்கிறது. வரப்பில் குடை பிடித்து நிற்கிறார் நிலத்துக்காரர்.

“பாய், இது உங்க வயல்தானே?”

“எங்க வாப்பா காலத்துலேர்ந்து இதுதான் தம்பி.”

“ஆப் இல்லைங்குது. இன்னும் பன்னெண்டு மீட்டர் கிழக்கே போகச் சொல்லுது.”

“அங்க வாய்க்காலுல்ல ஓடுது.”

“அதான் பாய், என்ன பண்றதுன்னு தெரியல.”

“நீச்சல் தெரியுமா?”